தறியா, படிப்பா?

பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பிரிவில் சேர்வது? இதற்கு மாணவர் மட்டும் விடை சொல்வதில்லை. வீடும், ஊரும், அரசும் சேர்ந்தே சொல்கின்றன.

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் நெசவு முக்கியத் தொழில். தறி வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுவிடுவார்கள். அவர்கள் கை கொடுத்தால் குடும்பத்துக்குக் கூலியும் மிச்சம்.

1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. இது 'குலக்கல்வி' என்று பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1954-ல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். அப்போது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பள்ளிப்பட்டு, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியோடு தமிழகத்தில் சேர்ந்தது.

திட்டம் போனது, வறுமை போகவில்லை. ஆணை இல்லாமலே பல பிள்ளைகள் தறிக்குப் போனார்கள்.

1978-ல் பிளஸ் டூ வந்தபின் பிரிவுகள் பெருகின. 2010-11 முதல், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற படிப்புகளில் சேர்வோருக்குத் தமிழக அரசு கட்டணச் சலுகை தருகிறது. அப்பன் தொழிலைப் பழகச் சொன்ன அரசு, அதைத் தாண்டிப் போகப் பணம் தர 57 ஆண்டுகள் ஆயின!

நெசவு இழிவல்ல. விரும்பித் தறியில் உட்காரலாம். வேறு வழியின்றி உட்காரக் கூடாது, அல்லவா?