ஒரு காலிக் கட்டம்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது தமிழ்ப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள்: குடும்ப வரலாறு. மற்றவர்கள் அட்டையில் மரம் வரைந்தார்கள். எனக்கு வரைய வராது. "ஸ்ப்ரெட்ஷீட் போடக் கற்றுக்கொடுங்கப்பா" என்று அப்பாவிடம் கேட்டேன். லிவர்மோரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை.

அப்பா சொன்ன விதிகள் மூன்று. ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. ஒரு விவரத்துக்கு ஒரு நெடுவரிசை. தெரியாததை ஊகித்து நிரப்பாதே, காலியாக விடு.

இந்தக் கட்டங்களுக்கும் நம் ஊர்ப் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. லிவர்மோர் தேசிய ஆய்வகம் 1952-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கே யூனிவாக் கணினி வந்தது. அந்தக் காலத்தில் கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். 1961-இல் பெர்க்லி பேராசிரியர் ரிச்சர்ட் மாட்டெசிச், ஒரு நிறுவனத்தின் வரவுசெலவுத் திட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்று எழுதினார். 1978-இல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினுக்கு ஒரு யோசனை வந்தது. கரும்பலகையில் இருக்கும் அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டும். அவை தாமாகவே மாறினால்? அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க், 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அந்த மென்பொருளுக்காகவே பலர் கணினி வாங்கினார்கள். 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் எக்செல்.

என் அட்டவணைக்கு வருகிறேன். நம் எல்லாருக்கும் கொள்ளுத்தாத்தா நான்கு பேர், கொள்ளுப்பாட்டி நான்கு பேர். பெயர்களை நிரப்பி, காலியில்லாத கட்டங்களை எண்ணும் கவுண்ட்-ஏ சூத்திரத்தைப் போட்டேன். ஆண்கள் 4. பெண்கள் 1. பார் சார்ட் போட்டதும் முகத்தில் அடித்தது போல இருந்தது. ஒரு கம்பம் உயரமாக நின்றது. பக்கத்தில் இருந்தது குட்டையாக.

காரணம் புரிய நேரமாகவில்லை. நம் இனிஷியல் அப்பா பெயரின் முதல் எழுத்து. தாத்தாவின் இனிஷியலை விரித்தாலே அவருடைய அப்பா பெயர் கிடைத்துவிடும். அம்மா பெயருக்கு அப்படி ஓர் இடமே இல்லை.

"அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று நானும் நினைத்தேன். ஆனால் இன்னும் பின்னால் போய்ப் பாருங்கள். 1010-இல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட ஏறக்குறைய 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் அது. எந்தத் தெரு, தெருவின் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, என்ன பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் விவரம் உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அப்பா சொன்ன அதே விதிதான், கல்லில்! அவர்கள் விரும்பி வந்தார்களா என்பதற்கு மட்டும் அந்தப் பட்டியலில் நெடுவரிசை இல்லை. அட்டவணை, அதைப் போடுகிறவர் கேட்க நினைத்ததை மட்டுமே சொல்லும்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய 400 பெண்களின் பெயர் படிக்கக் கிடைக்கிறது. என் சொந்தக் கொள்ளுப்பாட்டிகள் மூன்று பேரின் பெயர் எனக்குத் தெரியாது.

அன்று இரவே ஊருக்கு போன் போட்டேன். "பாட்டி, உங்க அம்மா பேர் என்ன?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை கண்ணு" என்றார். பிறகு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்றோ, இரண்டு முறை சொன்னார். நான் தட்டச்சு செய்ததும் குட்டைக் கம்பம் தானாக உயர்ந்தது. பிரிக்லின் கரும்பலகையில் தேடியது இதுதான்.

இன்னொரு பெயர் பெரியப்பா மூலம் கிடைத்தது. நான்காவது கட்டம் இன்றும் காலி. அந்தப் பெயர் தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அதை மஞ்சள் நிறத்தில் விட்டு வைத்திருக்கிறேன்.

நீங்களும் எட்டு வரிசை போட்டுப் பாருங்கள். காலிக் கட்டம் இருந்தால், இந்த வாரமே பாட்டிக்கு போன் பண்ணுங்கள்.