14,000 அத்திக் குச்சிகள்

1880களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவின் 'புல்லட்டின்' பத்திரிகை, துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்து ஏறத்தாழ 14,000 அத்திக் குச்சிகளை வரவழைத்துச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது. நம்மூரில் என்றால் காலண்டர் கொடுப்பார்கள்!

மரங்கள் தளதளவென்று வளர்ந்தன. காய் மட்டும் பிஞ்சிலேயே உதிர்ந்தது. துருக்கிக்காரன் மட்ட ரகத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்றுகூடப் பேசினார்கள். குச்சியில் குற்றமே இல்லை. ஸ்மிர்னா அத்தி பழுக்க, ஆண் அத்தியிலிருந்து மகரந்தம் சுமந்துவர ஒரு பொடிக் குளவி வேண்டும். கலிபோர்னியாவில் அது கிடையாது. 1899இல் ஃபிரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங்கின் தோட்டத்தில் அந்தக் குளவி நிலைத்த பிறகுதான் தோட்டம் தோட்டமாகப் பழம் கண்டார்கள். கிட்டத்தட்ட 20 வருஷக் காத்திருப்பு.

நம் புனே அத்திக்கு அந்தத் தொல்லை இல்லை. குளவி இல்லாமலே பழுக்கும். ஆனால் அதன் விதை முளைக்காது. மனிதன் குச்சி நட்டால்தான் வம்சம். யோர்தான் பள்ளத்தாக்கின் கில்காலில் கிடைத்த சுமார் 11,400 வருஷத்து அத்திகளும் இந்த வகைதான் என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது சரியென்றால், கோதுமை விதைப்பதற்கும் முன்பே யாரோ ஒருவர் குச்சி ஒடித்து நட்டிருக்கிறார். மிஞ்சியதை அடுத்த குடிசைக்குக் கொடுத்தும் இருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என்னிடமும் கவாத்துக் குச்சியில் வளர்ந்த புனே அத்திக் கன்றுகள் இருக்கின்றன. கேட்பவர்களிடம், வெயில் எவ்வளவு நேரம் விழும், தண்ணீர் தேங்குமா என்று விசாரித்துத்தான் தருகிறேன். நண்பர் ஒருவருக்கு வடக்குப் பார்த்த பால்கனி மட்டும்தான். கொடுக்கவில்லை; அவருக்குக் கோபம். இன்னும் நான்கு கன்றுகள் மீதி.