வலையமைப்பு ஆய்வாளரின் மேற்கோள் தாக்கமும் கூட்டாய்வும்

கணினி வலையமைப்புத் துறையில் ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எந்த அளவுக்கு எடுத்தாண்டிருக்கிறார்கள், அவர் யார் யாருடன் சேர்ந்து எழுதியிருக்கிறார் என்று கணக்கிடும் முறைகளே மேற்கோள் அளவீடும் கூட்டாய்வு அளவீடும். பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றை முடிவு செய்யும்போது இக்கணக்குகள் பார்க்கப்படுகின்றன. அதனால் அவை எதைக் காட்டும், எதைத் தவறவிடும் என்று அறிந்திருப்பது அவசியம்.

குறியீடுகள்

பிலடெல்பியாவில் யூஜீன் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணைதான் இதற்கு அடித்தளம். ஒரு கட்டுரை வெளிவந்தபின் அதை யாரெல்லாம் சுட்டினார்கள் என்று தேட அது வழி செய்தது. 2004-இல் கூகுள் ஸ்காலர் வந்ததும் அந்தத் தேடல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது.

2005-இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் எச்-குறியீட்டை முன்வைத்தார். ஒருவர் எழுதியவற்றில் குறைந்தது 40 கட்டுரைகள் தலா 40 மேற்கோள்களாவது பெற்று, 41 கட்டுரைகள் தலா 41 பெறவில்லை என்றால் அவருடைய குறியீடு 40. ஒரே ஒரு கட்டுரையால் புகழ்பெற்றவரையும் தொடர்ந்து பயனுள்ளதாக எழுதியவரையும் இது பிரித்துக் காட்டும். ஆனால் அந்த 40-இல் ஒன்று 5,000 மேற்கோள் பெற்றிருந்தாலும் குறியீடு அசையாது. இக்குறையை ஈடுசெய்ய 2006-இல் லியோ எக்ஹே ஜி-குறியீட்டை உருவாக்கினார்.

மாநாடும் ஆர்எஃப்சியும்

வலையமைப்புத் துறையின் முக்கியக் கண்டுபிடிப்புகள் பல, ஆய்விதழுக்கு முன்பே சிக்காம், இன்ஃபோகாம் போன்ற மாநாடுகளில் வெளிவருகின்றன. ஆய்விதழ்களை மட்டும் எண்ணினால் கணக்கு பிசகிவிடும்.

இன்னொரு சிக்கல் ஆர்எஃப்சி. 1969 முதல் வெளிவரும் இந்த எண்ணிட்ட ஆவணங்களில்தான் இணைய நெறிமுறைகள் எழுதி வைக்கப்படுகின்றன. இவற்றில் வரும் பணி மேற்கோள் கணக்கில் விடுபடக்கூடும் என்பதற்கு வலையமைப்பு ஆய்வாளர் சாலி ஃபிளாய்டின் பணி சிறந்த எடுத்துக்காட்டு. ரூட்டரின் வரிசை நிரம்பி வழிவதற்கு முன்பே சில பாக்கெட்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைவிட்டு, அனுப்புவோரை வேகம் குறைக்க வைக்கும் 'ரெட்' முறையை அவரும் வான் ஜேக்கப்சனும் 1993-இல் ஓர் ஆய்விதழில் விளக்கினார்கள். பாக்கெட்டைக் கைவிடாமல் அதில் குறியிட்டு நெரிசலை உணர்த்தும் முறையை கே. கே. ராமகிருஷ்ணன், ஃபிளாய்ட், டேவிட் பிளாக் ஆகியோர் 2001-இல் ஆர்எஃப்சி 3168-இல் வகுத்தார்கள். இந்த முறை இன்று இயங்குதளங்களுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் எவரும் ஃபிளாய்டை மேற்கோள் காட்டுவதில்லை. இப்படி ஒரு கருத்து பொதுச்சொத்தாகி, அதைத் தந்தவரின் பெயர் உதிர்ந்துபோவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறார்.

கூட்டாய்வின் வலை

சேர்ந்து எழுதியவர்களைப் புள்ளிகளாகவும் அவர்களின் கூட்டுக் கட்டுரைகளைக் கோடுகளாகவும் வரைந்தால், ஆய்வுலகமே ஒரு வலையமைப்பாகிவிடும். 2001-இல் மார்க் நியூமன் இயற்பியல், மருத்துவம், கணினியியல் தரவுகளைக் கொண்டு இத்தகைய வலைகளை ஆராய்ந்தார். நெருக்கத்தை அளக்க அவர் எளிய விதி ஒன்றைக் கையாண்டார். ஐந்து பேர் எழுதிய கட்டுரை, அவர்களுள் எந்த இருவருக்கும் இடையே கால் பங்கு எடையே தரும். இருவர் மட்டும் எழுதியது முழு எடை தரும்.

அந்தக் கணக்கில் 'ரெட்' கட்டுரை ஃபிளாய்டையும் ஜேக்கப்சனையும் முழு எடையோடு இணைக்கிறது. அயான் ஸ்டோய்கா, ராபர்ட் மோரிஸ், டேவிட் கார்கர், ஃபிரான்ஸ் காஷூக், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் 2001-இல் எழுதிய, பல கணினிகளிடையே தரவு இருக்கும் இடத்தைக் கண்டறியும் 'கார்ட்' முறை பற்றிய கட்டுரை எந்த இருவருக்கும் கால் பங்கே தருகிறது. ஆனால் எச்-குறியீட்டில் ஐவருக்கும் அதே முழு மதிப்பு. சென்னை ஐஐடியில் படித்த பாலகிருஷ்ணன் இவ்வாறு பலரோடு சேர்ந்து எழுதியவர். அவர் பணியை எடைபோட மொத்த மேற்கோள் எண்ணோடு கூட்டாளிகளின் பட்டியலும் வேண்டும்.

பெயரும் குழப்பம் தரும். தலைப்பெழுத்து வைக்கும் தமிழர் ஒருவரின் பெயர், குடும்பப்பெயரை எதிர்பார்க்கும் தரவுத்தளங்களில் இரண்டு மூன்று ஆட்களாகப் பிரிந்துவிடுவதுண்டு. ஆய்வாளருக்கு 16 இலக்க எண் தரும் ஆர்க்கிட் 2012-இல் தொடங்கியது இக்குழப்பத்தைத் தீர்க்கத்தான். இளம் ஆய்வாளர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே அதைப் பெற்றுக்கொள்வது நல்லது.

ஆய்வு அளவீடுகளைப் பயன்படுத்துவது பற்றி 2015-இல் வெளியான லைடன் அறிக்கை, எண்கள் வல்லுநர் மதிப்பீட்டுக்குத் துணையாகவே இருக்க வேண்டும் என்றது. அத்தகைய மதிப்பீட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 10 முதல் 12 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கட்டுரைகளை எடுத்து, அவை இன்றும் பயன்படுகின்றனவா என்று பார்த்து 'காலம் கடந்து நின்ற கட்டுரை' விருதை வழங்குகிறது சிக்காம் மாநாட்டை நடத்தும் அதே பெயருள்ள அமைப்பு. 'கார்ட்' கட்டுரை அதை 2011-இல் பெற்றது.