புற்றுநோய் மருந்து இணைகளின் கூட்டாற்றலைக் கணினிவழி முன்கணித்தல்

இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது, அவற்றின் தனித்தனி விளைவுகளை வைத்து எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் விளைவு கிடைத்தால் அது கூட்டாற்றல் எனப்படும். மருத்துவர்கள் வழக்கில் இது சினெர்ஜி. எந்த இணை எந்த வகைப் புற்றணுவில் இவ்வாறு செயல்படும் என்பதை ஆய்வகச் சோதனைக்கு முன்பே கணினியால் மதிப்பிடுவது புற்றுநோய் மருந்தியலின் ஒரு கிளை.

மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது புதிதன்று. 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃபிரெய், எமில் ஃபிரைரைக் ஆகியோர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளை ஒருசேரக் கொடுத்தனர். இன்றைய சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 100 மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,950 இணைகள். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 1,61,700. ஒவ்வொன்றையும் பல அளவுகளில், பல செல் வரிசைகளில் (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் புற்றணுத் தொகுதிகளில்) சோதித்து முடிக்க இயலாது.

ஆகவேதான் கணினியை நாடுகிறோம். அதற்கு முதலில் ‘எதிர்பார்ப்பு’ எது என்று வரையறுக்க வேண்டும். 1939இல் செஸ்டர் பிளிஸ் முன்வைத்த அளவுகோல், மருந்துகள் ஒன்றையொன்று சாராமல் இயங்குவதாகக் கொள்கிறது. ஒன்று 40 விழுக்காடு புற்றணுக்களையும் மற்றொன்று 50 விழுக்காட்டையும் கொன்றால், இரண்டும் சேர்ந்து 70 விழுக்காட்டைக் கொல்ல வேண்டும். 90 அன்று, ஏனெனில் 20 விழுக்காடு இருமுறை எண்ணப்படுகிறது. சோதனையில் 85 வந்தால் கூட்டாற்றல், 60 வந்தால் முரண். மற்றோர் ஆய்வாளரான லோவேயின் அளவுகோல் வேறுவிதமாக, மருந்தின் அளவை வைத்துக் கணக்கிடுகிறது. ஒரே இணை ஓர் அளவுகோலில் தேறி மற்றதில் தவறுவதுண்டு. ஆகவே அளவுகோலைக் குறிப்பிடாத முடிவை நம்பக் கூடாது.

2018இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட டீப்சினர்ஜி ஓர் ஆழ்கற்றல் மாதிரி. இரு மருந்துகளின் வேதியியல் பண்புகளையும் செல் வரிசையின் மரபணு வெளிப்பாட்டையும் உள்வாங்கி, லோவே மதிப்பெண்ணைக் கணிக்கிறது. 38 மருந்துகளின் 583 இணைகளை 39 செல் வரிசைகளில் சோதித்த தரவே அதன் பாடநூல். ஆனால் அந்தப் பாடத்தில் இல்லாத மருந்து வந்தால் அதன் துல்லியம் குறைகிறது. புதிய மருந்துக்குத்தானே முன்கணிப்பு அதிகம் தேவை? இத்துறையின் தீராத குறை இதுவே.

மருந்து நிறுவனமான அஸ்ட்ராசெனகாவும் மரபணு ஆய்வு நிறுவனமான சேங்கரும் தரவு வழங்கிய, கூட்டாற்றலைக் கணிக்கும் ட்ரீம் போட்டியில் 160 அணிகள் பங்கேற்றன. 2019இல் வெளியான முடிவுகளின்படி, 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இணைகளில் சிறந்த முறைகளின் துல்லியம், அதே சோதனையை மறுமுறை செய்தால் கிடைக்கும் துல்லியத்தை எட்டியது. 20 விழுக்காட்டு இணைகளை எந்த முறையாலும் சரியாகக் கணிக்க முடியவில்லை.

செல் வரிசையில் கிடைக்கும் மதிப்பெண்ணை நோயாளியின் நலனாக எண்ணிவிடக் கூடாது. நடைமுறையிலுள்ள பல கூட்டு மருத்துவங்களின் பயனைக் கூட்டாற்றல் இல்லாமலேயே விளக்கலாம் என்று 2017இல் ஆடம் பால்மரும் பீட்டர் சார்ஜரும் காட்டினர்: ஒரு மருந்துக்கு இணங்காத நோயாளிக்கு மற்ற மருந்து கைகொடுக்கிறது.