கோடை லீவில் புராடக்ட் மேனேஜ்மெண்ட்... வாலிகண்டபுரத்தில் இருந்தே பழகுவது எப்படி?

காலேஜ் லீவு விட்டாச்சு. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி கோர்ஸ் சேரும் முன், ஊரிலேயே செலவில்லாமல் புராடக்ட் மேனேஜ்மெண்ட் பழகிப் பார்க்கலாம்.

அது என்ன வேலை?

ஒரு செயலியை யார் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கு என்ன சிக்கல், எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலை. கோடிங் தெரிந்தால் நல்லது, கட்டாயம் இல்லை.

நம்ம பக்கத்து உதாரணம்

திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம், ஸோஹோவில் புராடக்ட் மேனேஜ்மெண்ட் பொறுப்பில் இருந்தவர். 2010இல் அவர் சென்னையில் இணைந்து தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

4 வாரத் திட்டம்

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் முக்கியப் பயிர்கள். அதனால் தமிழக அரசின் உழவன் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரம் 1: விவசாயிகள் 5 பேரிடம் செயலியைக் கொடுத்து, சந்தை விலையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்க சொல்லிக் கொடுக்கக் கூடாது. எங்கே திணறுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரம் 2: அதிகம் பேர் திணறிய ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வாரம் 3: அந்தத் திரையை எளிமையாக்கிப் பேப்பரில் வரைந்து, அதே 5 பேரிடம் காட்டுங்கள். புரியவில்லை என்றால் மாற்றி வரையுங்கள்.

வாரம் 4: கண்டது என்ன, மாற்றியது என்ன, பலன் என்ன என்று 2 பக்கத்தில் எழுதுங்கள்.

வேலை கிடைக்குமா?

டிகிரி முடித்ததுமே புராடக்ட் மேனேஜர் ஆவது அரிது. கஸ்டமர் சப்போர்ட், டெஸ்டிங் போன்ற வேலைகளில் சேர்ந்து, பிறகு மாறுபவர்கள் உண்டு. இன்டர்ன்ஷிப் கேட்டுப் போகும்போது அந்த 2 பக்கத்தையும் கையில் எடுத்துட்டுப் போங்க.