நெருக்கமான தொடர்பு இல்லையாம்

மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை தாரும் எண்டு சங்கத்தில் கேட்டவை. ஏ.எல். எடுத்ததோடு என்ரை படிப்பு முடிஞ்சுது. இப்ப பக்டரியில் பெட்டி அடுக்கிறேன். ஆனாலும் ஒரு கூர்க்காப் படைவீரரைப் பற்றி எழுதலாம் எண்டு துணிஞ்சேன். அவர் பெயர் துல் பகதூர் புன்.

கூர்க்கா எண்ட சொல்லைக் கேட்டாலே என்ரை அம்மாவின் முகம் மாறும். 1987 இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் வந்தவர்களில் கூர்க்காக்களும் இருந்தார்கள். அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தியா சுதந்திரம் அடைந்தபோது இருந்த பத்துக் கூர்க்கா ரெஜிமென்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நாலு பிரித்தானியாவுக்கும் பிரிக்கப்பட்டன. புன் இருந்த 6 ஆவது கூர்க்கா ரைபிள்ஸ் பிரித்தானியாவின் பக்கம் வந்தது. இந்த வித்தியாசத்தை எனக்குச் சொன்னது என்னோடு வேலை செய்யும் ஒரு நேபாளத்து அண்ணர்.

1944 யூன் 23. பர்மாவில் மொகாங் எண்ட இடத்தில் ரெயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் சண்டை. யப்பான்காரர் ஒரு சிவப்பு வீட்டுக்குள் இருந்து சுட்டதில் புன்னின் செக்சனில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். அந்த மூன்றில் மற்ற இரண்டு பேரும் படுகாயப்பட்டு விழ, புன் பிரென் துப்பாக்கியை எடுத்து இடுப்பில் வைத்துச் சுட்டபடி, சேற்றுக்குள்ளால் தனியாக ஓடி அந்த வீட்டைப் பிடித்தார். அதற்கு விக்ரோரியா சிலுவை கிடைத்தது. பிரித்தானியப் படையில் அதற்கு மேல் ஒரு விருது இல்லை. பிறகும் ஆமியிலேயே இருந்து, வாறன்ட் ஒபிசராக ஓய்வு பெற்று ஊருக்குப் போனார்.

இனித்தான் எங்களுக்கு நன்றாக விளங்கும் கதை. வயது போய், கண் பார்வை குறைந்து, மலைக் கிராமத்தில் மருந்துக்குக் கஷ்டப்பட்டவர் பிரித்தானியாவில் வந்து இருக்க விசா கேட்டார். 2006 இல் காட்மண்டுவில் உள்ள தூதரகம் மறுத்தது. காரணம், பிரித்தானியாவோடு நெருக்கமான தொடர்பு இருப்பதை அவர் நிரூபிக்கவில்லையாம்! இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எனக்கு வந்த முதல் மறுப்புக் கடிதமும் இதே மாதிரித்தான். எத்தனை பேருடைய அலுமாரிக்குள் இப்படிக் கடிதங்கள் கிடக்குது!

பேப்பர்களில் விசயம் வந்து நாடே வெட்கப்பட்ட பிறகு விசா கிடைத்தது. 2007 யூலையில் ஹீத்ரோவில் இறங்கினார். தன்ரை அலுவல் முடிஞ்சுது எண்டு அவர் வீட்டில் இருக்கவில்லை எண்டதுதான் எனக்குப் பெரிசாகப் படுகுது. 1997 யூலை 1 க்கு முதல் ஓய்வு பெற்ற கூர்க்காக்களுக்கு இங்கே தங்கும் உரிமை இல்லாமல் இருந்தது. 2008 இல் அவர்களின் வழக்கு நடந்தபோது, மெடல்களைக் குத்திக்கொண்டு சக்கர நாற்காலியில் ஹைகோட் வாசலுக்கு வந்தார். அவரைப் போலவே சிலுவை வாங்கியவரும், பர்மாவில் வலது கையும் ஒரு கண்ணும் பழுதுபட்டவருமான லச்சிமன் குருங்கும் கூட வந்தார். நடிகை யோவன்னா லம்லி முன்னுக்கு நிண்டா. அவவின் தகப்பனும் புன்னின் அதே ரெஜிமென்டில் ஒபிசராக இருந்தவர். செப்ரெம்பர் 30 இல் தீர்ப்பு கூர்க்காக்கள் பக்கம் வந்தது. அரசாங்கம் பிறகும் இருபது வருட சேவை அது இது எண்டு நிபந்தனை போட, 2009 ஏப்ரல் 29 இல் பாராளுமன்றத்தில் 267 க்கு 246 எண்ட வாக்கில் அரசாங்கம் தோற்றது.

அந்த நாட்களில் நாங்கள் எங்கே நிண்டோம்? அதே பாராளுமன்றச் சதுக்கத்தில்தான். ஏப்ரல் 6 இல் இருந்து இரவு பகலாக அங்கேதான். எனக்கு அப்ப இருபது வயது. தொப்பியும் மெடலுமாக வந்த கூர்க்காக் கிழவர்களைச் சனம் கைதட்டி வரவேற்றதைப் பார்த்துக்கொண்டு நிண்டேன். பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. மே 18 இல் ஊரில் எல்லாம் முடிஞ்சுது. மூன்று நாள் கழித்து, மே 21 இல், நாலு வருடம் சேவை செய்த கூர்க்காக்கள் எல்லாரும் இங்கே வந்து இருக்கலாம் எண்டு உள்துறை அமைச்சர் அறிவித்தார். அந்தச் செய்தி அண்டைக்கு என்ரை காதில் ஏறவில்லை.

புன் 2011 ஏப்ரலில் நேபாளத்தில் காலமானார். பென்சன் பிரச்சினை அவரோடு முடியவில்லை. 1997 க்கு முதல் ஓய்வு பெற்றவர்களுக்கு மற்றப் படையினரை விடக் குறைந்த பென்சன்தான். 2021 ஓகஸ்டில் டவுனிங் வீதிக்கு எதிரே கூர்க்காக்கள் 13 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வேலை முடிய அந்த அண்ணரோடு நானும் ஒருநாள் போனேன். அங்கே இருந்த ஒரு வயது போனவர் எந்த நாடு எண்டு கேட்டார். சிறீலங்கா, தமிழ் எண்டு சொன்னேன். அவர் சதுக்கம் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, "நீங்களும் அங்கே கனநாள் இருந்தனீங்கள் தானே" எண்டார். அம்மாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை. இந்த மலர் வந்தால் வாசிப்பா.