துருத்தி முதல் கம்ப்ரசர் வரை: எங்க ஊர் காத்தோட கதை



போன மாசம் எங்க சாளையில் ஒரு ஏர் கம்ப்ரசர் மாட்டி முடிச்சேன். (தோட்டத்து வீட்டைக் கொங்குப் பக்கம் சாளைன்னுதான் சொல்லுவோம்.) டிராக்டர் டயருக்குக் காத்து, ஃபில்டர் ஊதறது, துருப்பிடிச்ச கலப்பையைத் தேய்ச்சுப் பெயிண்ட் அடிக்கிறது, எல்லாத்துக்கும் டவுனுக்கு ஓடி ஓடிச் சலிச்சுப் போச்சு. மாட்டற வேலையில இறங்கின பிறகுதான் தெரிஞ்சது, எங்க ஊரோட நூறு வருசக் கதையில பாதி இந்த அடைச்ச காத்துக்குள்ளதான் இருக்குன்னு.

முதல் காத்து ஆசாரி பட்டறையில இருந்தது. மழை பெய்ஞ்சா முதல் நாள் கொழுவைத் தூக்கிக்கிட்டு அங்கேதான் எல்லாரும் போவாங்க. தோல் துருத்தியை இழுத்து விடறது சின்னப் பசங்க வேலை. கூலி காசாக் கிடையாது, அறுவடைக் களத்தில் தானியமா அளந்துடுவாங்க. குறுந்தொகை 172-ஆம் பாட்டில் இதே துருத்தி வருது. ஏழு ஊருக்குப் பொதுவாக ஒரே ஊரில் இருக்கிற கொல்லனின் துருத்தி. அதுபோல ஓய்வில்லாமல் வருந்துது பிரிஞ்சவளோட நெஞ்சு. ஊருக்கே ஒரு துருத்தி, அதுக்கு ஓய்வே கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில் தேவைப்படும்.

தோலை விட்டு இரும்பு சிலிண்டருக்குக் காத்து மாறினது இங்கிலாந்தில். 1776-இல் ஜான் வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர், ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்தை வெச்சு தன்னோட உலைக்குக் காத்து ஊதினார். அடுத்த நூற்றாண்டில் அந்தக் காத்து பாறையையே குடைய ஆரம்பிச்சது. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவில் ஆல்ப்ஸ் மலையில் சுமார் 13 கிலோமீட்டர் ரயில் சுரங்கம். 1857-இல் வேலை தொடங்கி 1871-இல் ரயில் ஓடிச்சு. அழுத்தின காத்தில் ஓடற துளைப்பான்களை ஜெர்மைன் சோமெய்யே என்ற பொறியாளர் அங்கே கொண்டுவந்தார். நீராவியை உள்ளே விட்டால் புகையில் ஆள் செத்துப் போவான். காத்து விட்டால் பாறையும் உடையும், ஆளுக்கு மூச்சும் கிடைக்கும்.

அந்த ஆல்ப்ஸ் காத்து எங்க மானாவாரிக் காட்டுக்கு வந்தது திருச்செங்கோட்டு ரிக் வண்டி மேல ஏறி.

எங்க தாத்தா காலத்தில் கிணத்துத் தண்ணியைக் கவலை ஓட்டி, ரெண்டு மாடும் தோல் பறியுமாக இறைச்சாங்க. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் மில், மோட்டார், பம்ப்செட் எல்லாம் வளர்ந்தது. கம்ப்ரசர் செய்யற எல்ஜி எக்விப்மென்ட்ஸும் 1960-இல் அங்கேதான் தொடங்கினது. மாட்டுக்குப் பதில் மோட்டார் வந்தது. மாடு களைச்சா நிக்கும், மோட்டார் நிக்காதே. கிணத்துத் தண்ணி கீழே கீழே போச்சு. கிணத்துக்குள்ள போர் போட்டோம், அப்புறம் காட்டுக்குள்ள போர் போட்டோம். ரிக் வண்டியில் சுத்தியலை அடிக்க வைக்கிறதும் காத்து, அடியிலிருந்து கல்தூளை வெளியே தள்ளறதும் காத்து. வெள்ளைத் தூள் ஊரெல்லாம் பறக்கும், தண்ணி பீச்சினா கும்பிட்டு விழுவோம்.

அந்தத் தண்ணியை மேலே கொண்டுவந்ததும் காத்துதான். குழிக்குள் ரெண்டு பைப் இறக்கி, ஒண்ணுல கம்ப்ரசர் காத்தை அடிச்சா, குமிழியோடு கலந்த தண்ணி எடை குறைஞ்சு இன்னொரு பைப்பில் ஏறி வரும். நூறு அடி ஆழத் தண்ணிக்குள்ள காத்தை இறக்கணும்னா சுமார் 3 கிலோ அழுத்தம் வேணும். பால் மாதிரி வெள்ளையா, விட்டு விட்டு, இருமுற மாதிரி கொட்டும். கரண்ட் நிறையச் சாப்பிடும், தண்ணி கம்மி. ஆனா குழிக்குள்ள சுத்தற சாமான் ஒண்ணும் கிடையாது. மணல் வந்தாலும் கெடாது, தண்ணி தீர்ந்தாலும் எரியாது. தண்ணி குறைஞ்ச போருக்கெல்லாம் அதனாலதான் கம்ப்ரசர். ராத்திரி மூணு பேஸ் வந்ததும் காட்டுக்குக் காடு ‘டப டப’ன்னு கேக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் பரிட்சைக்குப் படிச்சேன்.

ஒரு கோடையில் எங்க போர் வெறும் காத்தை மட்டும் துப்புச்சு. அப்பா சுவிட்சை அணைச்சுட்டு, “இனி இதுக்கு இங்க வேலையில்ல”ன்னார். வேற எடத்தில் ஆழமா போர் போட்டு சப்மெர்சிபிள் இறக்கினோம். 5 எச்.பி. கம்ப்ரசர் மோட்டார் ரூம் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது.

இப்ப என் தப்புக்கு வரேன். அது மூலையில் கிடக்க, நான் டவுனில் போய் 1 எச்.பி., 24 லிட்டர் டாங்க் உள்ள புதுசு ஒண்ணு வாங்கினேன். “எட்டு கிலோ அழுத்தம் வரும் சார்”னு கடைக்காரர் சொன்னார். பொய் இல்ல. ஆனா நான் கேட்டிருக்க வேண்டியது அழுத்தத்தை இல்ல, நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துங்கறதை. காத்தில் ஓடற கிரைண்டருக்கு 6 கன அடி, அதாவது சுமார் 170 லிட்டர் வேணும். டாங்க் 8 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு இறங்கும்போது கிடைக்கிறது 48 லிட்டர்தான். பதினேழு செகண்ட்! பம்பும் சேர்ந்து தள்ளினாலும் ஒரு நிமிஷம் தாங்கலை. அப்புறம் நிக்காம ஓடிக்கிட்டே இருந்தது. சின்ன பிஸ்டன் கம்ப்ரசர் ஓடினா ஆறணும். நான் விடலை. ரெண்டே மாசத்தில் வால்வு போச்சு. ஏழூர் வேலையை ஒரு துருத்தி தலையில் கட்டின கதைதான்.

பழைய மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். சாக்கைத் தூக்கிப் பார்த்துட்டு, “தங்கத்தை மூலையில போட்டுட்டு தகரம் வாங்கிட்டு வந்திருக்கிற தம்பி”ன்னார். ரிங், வால்வு மாத்தி, கம்ப்ரசர் ஆயில் ஊத்தினதும் உயிர் வந்துடுச்சு. எச்.பி.க்கு மூணு நாலு கன அடின்னு வெச்சாலும் என் வேலைக்குத் தாராளம். ஆனா அதுக்கு டாங்க் கிடையாது, காத்து நேரா குழிக்குத்தானே போயிட்டிருந்தது. பழைய இரும்புக் கடையில் ஒரு டாங்க் மலிவாக் கிடைச்சது. பெயிண்ட் பளபளன்னு இருந்தது.

அண்ணன் ஒத்துக்கலை. டாங்க் நிறையத் தண்ணி ரொப்பி, கை பம்பால் அழுத்தம் ஏத்தினார். 7 கிலோவுக்கு ஓட்டணும்னா பத்தரைக்காவது தாங்கணும். 6 கிலோவிலேயே அடி வெல்டிங்கில் ஊசி மாதிரி தண்ணி பீச்சுச்சு. “தண்ணிங்கறதால ஒழுகுது. இதே காத்தா இருந்தா, டாங்க் வெடிச்சு உன்ற காலை எடுத்திருக்கும்”னார். தண்ணி சுருங்காது, ஓட்டை விழுந்ததும் அழுத்தம் இறங்கிடும். சுருங்கின காத்து மொத்தமா விரியும். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. என் பையன் அந்த ரூம்லதான் விளையாடுவான்.

புது டாங்க் வாங்கினேன். சேஃப்டி வால்வு, பெல்ட்டுக்குக் கம்பிக்கூண்டு போட்டாச்சு. பம்ப் நிக்கும்போது தலையில் அடைஞ்ச காத்தை ‘புஸ்’ஸுன்னு விடற பிரஷர் சுவிட்சும் உண்டு, அது இல்லாட்டி எங்க ஊர் லோ வோல்டேஜில் மோட்டார் மறுபடி கிளம்பாது. தோட்டத்தில் மிச்சமிருந்த பி.வி.சி. பைப்பைக் காத்துக்குப் போடலை, அது உடைஞ்சா கத்தி கத்தியாத் தெறிக்கும். ஜி.ஐ. பைப்பைக் கொஞ்சம் சரிவா ஓட்டி, மேல்பக்கமிருந்து கிளை எடுத்தோம், தண்ணி வராம இருக்க. இலவச விவசாய மின்சாரம் பாசனத்துக்குத்தான். பட்டறைக்குத் தனி இணைப்பு வாங்கிட்டேன்.

தினமும் சாயங்காலம் டாங்க் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து விடுவேன். காத்தில் இருந்த ஈரம் தண்ணியாச் சேர்ந்திருக்கும். விட்டா டாங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். நேத்து அப்பா பக்கத்தில் நின்னு பார்த்துக்கிட்டிருந்தார். ஒரு டம்ளர் அளவு வந்தது. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னார்:

“பரவால்லியே. இன்னும் தண்ணி எடுக்குது.”